தோலுக்குக் கீழே ஒலி: தென்திருவிதாங்கூரின் கால்நோய்களும் ஸ்கேன் கருவியும்

காலிலும் தோலிலும் வரும் நோய்களை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கொண்டு பார்க்கும் வழக்கம் மருத்துவத்துக்கு வந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளே ஆகின்றன. ஆனால் அந்த ஸ்கேன் தேடுகிற பொருள்கள் பழையவை. தொழுநோயில் தடித்துப்போன நரம்பு, யானைக்கால் புழு குடியிருக்கும் நிணநீர்க் குழாய், தசைக்குள் ஒடிந்து நின்ற முள், பாதத்தின் ஆழத்தில் கட்டிய சீழ் என இவை எல்லாமே தலைமுறை தலைமுறையாகத் தென்திருவிதாங்கூர் மக்களின் கால்களில் இருந்தவை. வெளியே புண்ணாகவோ வீக்கமாகவோ தெரியும் முன்பே உள்ளே சேதம் தொடங்கிவிடுகிறது என்பதுதான் இந்த நோய்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குணம். அந்தத் தொடக்கத்தைப் பிடிக்க மருத்துவர்கள் செய்த முயற்சிதான் இந்த வரலாற்றின் நடுநரம்பு.

அந்தத் தென்திருவிதாங்கூரை இன்று ஒரு மாநில எல்லை பிரிக்கிறது. காரோடு, கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் பாறசாலையை ஒட்டிய எல்லையோரக் கிராமம். கழக்கூட்டத்திலிருந்து வரும் புறவழிச்சாலை இங்கேதான் முடிந்து தமிழ்நாட்டைத் தொடுகிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலமான தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அவற்றோடு சேர்த்துத் தரும்படி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதற்கு முன்பு இந்தப் பகுதி முழுவதும் ஒரே நாடு. நோயாளிகளுக்கு எல்லை என்பதே கிடையாது. மிஷன் மருத்துவமனை இருந்த நெய்யூருக்கும் போவார்கள், திருவனந்தபுரத்துக்கும் போவார்கள். இரண்டு பக்கமும் பனையேற்றமும் வயல்வேலையும் கடல்தொழிலும்தான் பிழைப்பு, மூன்றும் வெறுங்காலால் செய்யும் தொழில்கள்.

வெறுங்கால் என்பது இங்கே வறுமையால் மட்டும் வந்ததில்லை. பழைய திருவிதாங்கூரில் நாடார்களும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்ட சாதியினரும் செருப்பு அணியக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, பொன்னகை போடக் கூடாது என்ற தடைகள் இருந்தன. பெண்கள் மேலாடை அணியும் தோள்சீலை உரிமைக்காக 1820-களில் தொடங்கி 1859 வரை நீண்ட போராட்டத்தின் பின்னணியில் இருந்ததும் இதே ஒடுக்குமுறைதான். மேலாடைத் தடை பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. செருப்புத் தடையைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. ஒரு மக்கள் கூட்டத்தின் பாதங்களைப் பல தலைமுறைகள் மண்ணோடும் முள்ளோடும் புழுவோடும் நேரடியாகப் பழக விட்ட சட்டம் அது. உடல்நலத்தைக் கெடுத்த கணக்கில் அதற்கு முதன்மையான இடம் தர வேண்டும்.

மண்ணிலிருந்து பாதத்தின் வழியே ஏறும் நோய்களில் பரவலானது கொக்கிப்புழு. அதன் இளம்புழு தோலைத் துளைத்து உடலுக்குள் போகிறது என்பதை 1898-ல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் அறிவித்தார். புழுக்கள் இருந்த நீர் தற்செயலாகத் தன் கையில் சிந்தியபோது தோல் சிவந்து அரித்ததைக் கண்டுதான் அவர் அந்த முடிவுக்கு வந்தார். வயலில் நிற்பவர்களுக்கு விரலிடுக்கில் வரும் அரிப்பின் காரணம் இப்படித்தான் விளங்கியது. அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை 1916 முதல் இலங்கையில் தோட்டத் தமிழர்களிடையே கொக்கிப்புழு ஒழிப்பை நடத்தியது. அந்த அனுபவத்தோடு அதன் அலுவலர்கள் 1920-களின் கடைசியில் திருவிதாங்கூருக்கும் வந்தார்கள். அவர்களுடைய உதவியோடு அடுத்த சில ஆண்டுகளில் ஒரு முன்மாதிரிச் சுகாதார நிலையம் அமைந்தது. அதற்குத் தேர்ந்த இடம் நெய்யாற்றின்கரை. கழிப்பிடம் கட்டுவது, மலத்தைப் பரிசோதிப்பது, குடிநீரைப் பார்ப்பது, பேறுகாலக் கவனிப்பு ஆகியவை அதன் அன்றாட வேலைகள். இந்தியாவில் பிற்காலத்தில் வந்த ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் சில முயற்சிகளில் இதுவும் ஒன்று.

மருத்துவமனை என்ற வகையில் இந்தப் பக்கத்துக்கு முதலில் கிடைத்தது நெய்யூர். லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-ல் அங்கே வந்தார். பாறசாலையும் அதே சங்கத்தின் ஒரு நிலையமாக இருந்தது. நெய்யூரில் 1888-ல் தொழுநோயாளிகளுக்கென்று ஒரு விடுதி தொடங்கியது. 1922-ல் எவரெஸ்ட் பயணம் முடித்து ஊர்சுற்றிப் பார்க்க வந்த அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல், நெய்யூரில் ஒரே ஒரு மருத்துவர் தாங்க முடியாத கூட்டத்தைச் சமாளிப்பதைக் கண்டு அங்கேயே பணிபுரிய முடிவு செய்தார். 1924-ல் மீண்டும் எவரெஸ்ட்டில் ஏறியவர், அதன்பின் 1940-களின் கடைசி வரை நெய்யூரிலேயே வேலை செய்தார். அவர் பெயரில் இப்போது காரக்கோணத்தில் சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2002-ல் தொடங்கிய அந்தக் கல்லூரி, காரோடு இருக்கும் அதே நெய்யாற்றின்கரை வட்டத்தில், எல்லைக்கு மிக அருகே இருக்கிறது.

சோமர்வெல் காலத்துத் தொழுநோய் மருத்துவரின் முதன்மையான கருவி அவருடைய விரல்நுனி. தொழுநோய்க் கிருமியை 1873-ல் நார்வேயின் ஹான்சன் கண்டுபிடித்திருந்தாலும், நோயை அடையாளம் காண்பது தோலில் உணர்வற்ற தேமலைப் பார்ப்பதிலும் நரம்பைத் தடவிப் பார்ப்பதிலும்தான் இருந்தது. முழங்கையின் உட்புறத்தில் ஒரு நரம்பு, முழங்காலுக்கு வெளிப்புறம் சற்றுக் கீழே எலும்பைச் சுற்றி ஓடும் இன்னொன்று, கணுக்காலின் உட்புற மொழிக்குப் பின்னால் பாதத்துக்குள் இறங்கும் மற்றொன்று. இவை தடித்திருக்கின்றனவா, அழுத்தினால் வலிக்கிறதா என்று விரல் சொல்ல வேண்டும். முழங்கால் அருகே உள்ள நரம்பு கெட்டால் பாதம் தூக்க முடியாமல் தொங்கும். கணுக்கால் நரம்பு கெட்டால் உள்ளங்கால் உணர்விழக்கும். பிறகு அங்கே ஆறாத புண் வரும். அனுபவமுள்ள கை பெரிய தடிப்பைத் தவறவிடாது. லேசான தடிப்பில் இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்வது இன்றைக்கும் உண்டு. கணுக்கால் நரம்பு தசைநாண்களுக்கும் ரத்தக் குழாய்களுக்கும் நடுவே கிடப்பதால் அதைத் தடவி அறிவது இன்னும் கடினம்.

தொழுநோயில் விரல்கள் ஏன் அழிகின்றன என்ற கேள்விக்குச் சரியான விடை வேலூரிலிருந்து வந்தது. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கிருமி சதையைத் தின்பதாக மக்களும் மருத்துவர்களில் பலரும் நம்பிய காலம் அது. உணர்வில்லாத பாதம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் பட்டு, வலி தெரியாததால் ஓய்வு பெறாமல், உள்ளேயே நைந்து புண்ணாகிறது என்பதைப் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் பொறுமையாக நிறுவினார்கள். வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955-ல் அமைந்த தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தில், மென்மையான நுண்துளை ரப்பரை உள்ளே வைத்துத் தைத்த செருப்புகள் உருவாயின. அந்த எம்.சி.ஆர். செருப்பு இன்று தொழுநோயாளிக்கும் சர்க்கரை நோயாளிக்கும் நாடு முழுவதும் கொடுக்கப்படுகிறது. முன்பு செருப்பே மறுக்கப்பட்ட பாதங்களுக்கு மருந்தாகவே செருப்பு வந்தது என்பது நினைக்க வேண்டிய செய்தி.

தமிழ் ஊர்ப்பெயரையே மருத்துவ அகராதியில் ஏற்றிய கால்நோயும் உண்டு. மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய டாக்டர் கில் 1842-ல் அதை விவரித்தார். கோல்புரூக் 1846-ல் ‘மதுரைக்கால்’ என்ற பெயரை மருத்துவ எழுத்தில் நிலைபெறச் செய்தார். பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர், அது பூஞ்சையால் வருவது என்று கண்டு 1860-ல் ‘மைசிட்டோமா’ என்று பெயரிட்டு, 1874-ல் தனி நூலே எழுதினார். உலகம் முழுதும் மாணவர்கள் படித்த கிரேயின் உடற்கூறு நூலுக்குப் படம் வரைந்த அதே கார்ட்டர்தான் இவர். முள் குத்திய இடத்தில் கிருமி உள்ளே போய், வலியில்லாத கட்டியாக ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, பல கண்களாக உடைந்து சீழோடு கறுப்பு, வெள்ளை, சிவப்பு மணிகளை வெளியேற்றும் நோய் இது. வெறுங்காலால் நடக்கும் உழவர்களுக்கே அதிகம் வரும். கிருமிகளில் ஒன்றுக்கு ‘மதுரெல்லா’ என்றே பேரினப் பெயர் அமைந்தது. உண்மையான பூஞ்சையால் வருவது ஒரு வகை, பூஞ்சை போல் இழையிழையாக வளரும் பாக்டீரியாவால் வருவது இன்னொரு வகை. முன்னதற்கு நீண்டநாள் பூஞ்சை மருந்தும் பல நேரம் அறுவையும் வேண்டும். பின்னது ஆன்டிபயாட்டிக் மருந்துக்குப் பெரும்பாலும் கட்டுப்படும். எந்த வகை என்று தெரியாமல் சிகிச்சை தொடங்கினால் கால் போய்விடும். இந்தக் கேள்வியில்தான் பிற்காலத்தில் ஸ்கேன் உதவிக்கு வந்தது.

ஒலியால் உடலைப் பார்க்கும் கருவியின் பாதை வேறு திசையிலிருந்து தொடங்குகிறது. அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களின் இயல்பை 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். முதல் உலகப் போரில் பால் லாஞ்செவான் அதைக் கொண்டு கடலுக்கடியில் நீர்மூழ்கிகளைத் தேடும் முறையை உருவாக்கினார். வியன்னாவின் கார்ல் டூசிக் 1942-ல் மனித மூளையைப் பார்க்க முயன்றார். கிளாஸ்கோவின் இயன் டொனால்டும் உடனிருந்தவர்களும் 1958-ல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் மகப்பேறு மருத்துவத்தில் ஸ்கேன் இடம் பிடித்தது. இந்தியப் பெரும்பாலோருக்கு ஸ்கேன் என்றதும் கர்ப்பிணியின் வயிறே நினைவுக்கு வருவது இதனால்தான்.

பாதத்துக்கும் தோலுக்கும் அது வரத் தாமதமானதற்குக் காரணம் அதிர்வெண். உடலின் மென்திசுவில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,540 மீட்டர் வேகத்தில் போகிறது. அதிர்வெண் கூடக்கூட அலையின் நீளம் குறைந்து நுணுக்கம் கூடும். ஆனால் அலை ஆழத்துக்குப் போகாமல் வழியிலேயே அடங்கிவிடும். வயிற்றைப் பார்க்க 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் போதும். அந்த அலை அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த அளவுள்ள விவரங்களைப் பிரித்துக் காட்டாது. நரம்பையும் தசைநாணையும் பார்க்க 10 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரை வேண்டும். 15 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தோலின் அடுக்குகளைத் தனித்தனியே பார்க்க 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போக வேண்டும். அப்போது அலை ஒரு சென்டிமீட்டர் ஆழம்கூடத் தாண்டாது. தோலுக்கு அதுவே போதும். 1979-ல் அலெக்ஸாண்டரும் மில்லரும் 15 மெகாஹெர்ட்ஸ் ஒலித்துடிப்பால் தோலின் தடிப்பை அளந்து காட்டியதுதான் தோல்மருத்துவ ஸ்கேனின் தொடக்கம். தோல் இறுகிப்போகும் நோய்களில் தடிப்பு கூடுகிறதா குறைகிறதா என்று கத்தி வைக்காமல் தொடர்ந்து அளக்க அது வழி செய்தது.

நரம்பைப் படம் பிடித்தவர்களில் முன்னோடி புருனோ ஃபோர்னாஷ். கைகால் நரம்புகள் ஸ்கேனில் எப்படித் தெரிகின்றன என்ற அவருடைய கட்டுரை 1988-ல் வந்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 1987-ல், தொழுநோயில் வீங்கிய நரம்பை ஸ்கேனில் கண்டறிந்ததை அவர் எழுதியிருந்தார். நரம்பு ஸ்கேனின் முதல் படிகளிலேயே தொழுநோய் இருந்தது என்பது மேல்நாட்டு நூல்களில் பெரிதாகச் சொல்லப்படாத ஒன்று. 2000-ல் இத்தாலியின் கார்லோ மார்த்தினோலியும் உடனிருந்தவர்களும், எதிர்வினைக் கட்டத்தில் இருக்கும் தொழுநோய் நரம்புக்குள் ரத்த ஓட்டம் கூடியிருப்பதை டாப்ளர் முறையில் காட்டினார்கள். 2009-ல் ஹைதராபாத்தின் சுமன் ஜெயினும் நெதர்லாந்து மருத்துவர் விஸ்ஸரும் சேர்ந்து, தொழுநோயாளிகளின் நரம்புகளை நோயற்றவர்களின் நரம்புகளோடு ஒப்பிட்டு அளந்தார்கள். விரலுக்குத் தட்டுப்படும் இடத்தைத் தாண்டியும் தடிப்பு நீள்வது அப்படித் தெரிந்தது. எதிர்வினை என்பது மருந்து தொடங்கிய பிறகும், சிலருக்கு முடிந்த பிறகும்கூட உடலின் எதிர்ப்பாற்றல் திடீரென்று பொங்கி நரம்பைத் தாக்குவது. அந்தக் கட்டத்தில் தாமதிக்காமல் ஸ்டீராய்டு கொடுத்தால் பாதத்தைக் காப்பாற்றலாம். நரம்புக்குள் ரத்தம் ஓடுவது திரையில் வண்ணமாகத் தெரிந்தால், அது உயிரோடு எரிந்துகொண்டிருக்கும் நரம்பு. பழைய தழும்பால் தடித்த நரம்பில் அந்த வண்ணம் வராது. விரலால் இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாது.

கணுக்கால் நரம்பைப் பார்க்கும் முறை எளிது. நோயாளி மல்லாந்து படுத்து, முழங்காலைச் சற்று மடக்கிப் பாதத்தை வெளிப்புறமாகச் சாய்த்து வைக்கிறார். உள்மொழிக்குப் பின்னால் ஜெல் தடவி, ஒலியை அனுப்பி வாங்கும் தட்டையான புரோபைக் காலுக்குக் குறுக்காக வைக்கிறார்கள். எலும்பு பளிச்சென்ற கோடாகத் தெரியும், அதற்கு அப்பால் இருட்டு. எலும்பை அடுத்து இரண்டு தசைநாண்கள் வெண்மையாகத் தெரியும். அவற்றுக்குப் பின் துடிக்கும் தமனி, புரோபை அழுத்தினால் நசுங்கி மறையும் சிரைகள், அவற்றை ஒட்டி நரம்பு. அதற்கும் பின்னால் ஆழத்தில் பெருவிரலை மடக்கும் தசைநாண். நல்ல நரம்பின் குறுக்குவெட்டு தேன்கூடு போலிருக்கும்: வெளிர்நிறச் சுவர்களுக்கு நடுவே சின்னச் சின்ன இருண்ட கண்கள். ஒவ்வொரு கண்ணும் ஒரு நரம்பிழைக் கட்டு. சந்தேகம் வந்தால் பெருவிரலை ஆட்டச் சொல்வார்கள். தசைநாண் வழுக்கி ஓடும், நரம்பு கிட்டத்தட்ட அசையாமல் கிடக்கும். தொழுநோய் பிடித்த நரம்பில் அந்தக் கண்கள் பருத்து ஒன்றாகிக் கறுத்துவிடும், சில நேரம் முழு நரம்பும் அடையாளமற்ற இருண்ட வட்டமாகிவிடும். வட்டத்தின் விளிம்பைத் திரையிலேயே கோடிட்டால் பரப்பு சதுர மில்லிமீட்டரில் வரும். அடுத்த முறை வரும்போது அதே இடத்தில் அளந்து ஒப்பிடலாம்.

யானைக்கால் நோயில் ஸ்கேன் செய்தது இதைவிடப் பெரியது. அது உயிரோடு இருக்கும் புழுவையே காட்டியது. மலையாளக் கரையில் பெருத்த கால்களைக் கண்டு எழுதிய ஐரோப்பியப் பயணிகள் 16-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தார்கள். மலையாளத்தில் ‘மந்து’ என்பது எல்லையோரத் தமிழரும் அறிந்த சொல். கல்கத்தாவில் டிமோதி லூயிஸ் 1872-ல் மனித ரத்தத்தில் இளம்புழுக்களைக் கண்டார். ஜோசப் பான்கிராப்ட் 1876-ல் ஆஸ்திரேலியாவில் வளர்ந்த புழுவை எடுத்தார். சீனக் கடற்கரையில் இருந்த பாட்ரிக் மேன்சன், கொசுவுக்கு இதில் உள்ள பங்கை 1877-ல் கண்டார். மருந்து 1947-ல் வந்தது: சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் இயங்கிய அமெரிக்க லெடர்லி ஆய்வகத்திலிருந்து டி.இ.சி. வெளியானது. இந்தியாவில் தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-ல் தொடங்கியது. இவ்வளவுக்குப் பிறகும், வளர்ந்த புழு உடலின் எந்த மூலையில் குடியிருக்கிறது, மருந்து அதைக் கொன்றதா இல்லையா என்பதை உயிருள்ள மனிதரிடம் பார்க்க வழியில்லாமல் இருந்தது. நள்ளிரவில் ஊருக்குள் போய் விரலில் குத்தி ரத்தம் எடுத்து இளம்புழுக்களை எண்ணுவதோடு சோதனை நின்றது.

1994-ல் பிரேசிலின் ரெசிஃபே நகரில் பெர்னாண்டோ அமரால், ஜெருசா டிரேயர் ஆகியோர், விதைப்பையின் நிணநீர்க் குழாய்களுக்குள் ஓயாமல் நெளியும் புழுக்களைச் சாதாரண ஸ்கேன் கருவியால் கண்டார்கள். குழாய் விரிந்து இருண்ட இடமாகத் தெரியும். அதற்குள் மெல்லிய வெண்கோடுகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் துள்ளும். ரத்த ஓட்டம் என்றால் இதயத் துடிப்போடு ஒத்துப்போகும், மூச்சோடு மாறும். இது எதற்கும் கட்டுப்படாது. இதற்கு ‘ஃபைலேரியா நடனம்’ என்று பெயர் விழுந்தது. சென்னையில் மீடிஸ்கேன் நிறுவனத்தின் எஸ். சுரேஷும் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் வி. குமாரசுவாமியும் உடனிருந்தவர்களும், வெளியே எந்த அறிகுறியும் இல்லாத ஆண்களிடமும் இதைக் கண்டு 1997-ல் எழுதினார்கள். நோயாளி தன்னை நோயாளி என்றே நினைக்காத காலத்தில் புழு குழாயை விரித்துக்கொண்டிருக்கிறது என்பது கண்ணெதிரே நிறுவப்பட்டது. மருந்தின் பலனும் புழுவின் அசைவை வைத்தே அளக்கப்பட்டது. ஐவர்மெக்டின் மருந்து இளம்புழுவைக் கொன்றாலும் வளர்ந்த புழுவைக் கொல்லவில்லை என்பதை டிரேயர் குழுவினர் 1996-ல் ஸ்கேன் மூலமாகவே காட்டினார்கள்.

கேரளத்தில் கதை அவ்வளவு சுலபமாக அமையவில்லை. சேர்த்தலைப் பக்கத்தில் பரவியிருந்தது புருகியா மலாயி என்ற வேறு புழு. ஆகாயத்தாமரை மிதக்கும் குளங்களில் வளரும் மான்சோனியா கொசு அதைப் பரப்பியது. 1980-களில் புதுச்சேரியின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், குளங்களில் மீன் வளர்க்க ஊக்கம் தந்து, அந்த வருமானத்துக்காகவே உரிமையாளர்கள் ஆகாயத்தாமரையை அகற்றும்படி செய்தது. பொதுச்சுகாதாரத்தில் அறிவார்ந்த வேலை என்றால் இதைச் சொல்லலாம். இந்தப் புழு விதைப்பையில் தங்காது, கைகால்களின் குழாய்களில் தங்கும். ஆலப்புழை மருத்துவக் கல்லூரியின் ஆர்.கே. ஷேணாயும் உடனிருந்தவர்களும் 2000-ல் வெளியிட்ட கட்டுரையில், ஸ்கேனில் புருகியா புழு சிக்கவில்லை என்று நேர்மையாக எழுதினார்கள். ஏமாற்றத்தை அப்படியே அச்சிட்ட அந்தக் கட்டுரையிலேயே தேடல் முடிந்துவிடவில்லை. கருவிகள் மேம்பட்டதும் இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் புருகியா நடனம் கண்டறியப்பட்டது. 2006-ல் அது வெளியானது. அடுத்த ஆண்டு ஷேணாய் குழுவினர், புழு தொற்றிய குழந்தைகளிடமே டாப்ளர் ஸ்கேனில் புழு தெரிவதை எழுதினார்கள். கால் பெருப்பது நடுவயதில்; கேடு தொடங்குவது பள்ளிப் பருவத்தில். மாத்திரை கொடுத்துத் தொடர்ந்து பார்த்தபோது குழந்தைகளின் நிணநீர்க் குழாய்க் கோளாறு பின்வாங்கியதை 2009-ல் அவர்கள் வெளியிட்டார்கள். 2004 முதல் நாட்டில் நோய் பரவிய மாவட்டங்களில் ஆண்டுக்கொருமுறை கொடுக்கப்பட்ட மாத்திரைக்கு, பரவலைத் தடுப்பதோடு கால்களையே காப்பாற்றும் வேலையும் உண்டு என்பதற்கு இது சான்று.

ஏற்கெனவே பெருத்த காலுக்கு என்ன செய்வது என்பதிலும் அதே ஆலப்புழைக் குழுவின் ஆய்வு உண்டு. விரலிடுக்கு வெடிப்பின் வழியே நுழையும் பாக்டீரியாதான் திரும்பத் திரும்ப வரும் காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் காரணம். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்து, மருந்து தடவி, இரவில் காலை உயர்த்தி வைத்தாலே அந்தத் தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்தன. தோலின் கீழுள்ள கொழுப்பு அடுக்கில் நீர் எவ்வளவு தேங்கியிருக்கிறது, ஆழச் சிரையில் ரத்தம் உறைந்து வந்த வீக்கமா, நிணநீர் வீக்கமா என்று பிரித்தறிவதில் ஸ்கேனுக்கு இங்கே பங்கு உண்டு. நல்ல சிரை புரோபின் அழுத்தத்தில் மடங்கும், உறைந்த சிரை மடங்காது. இரண்டுக்கும் மருத்துவம் வேறு. ஒற்றைக் கால் திடீரென்று வீங்கி வருபவரை யானைக்கால் என்று நினைத்து அனுப்பிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

மதுரைக்காலுக்கான ஸ்கேன் அறிவு சூடானிலிருந்து வந்தது. கார்ட்டூமின் அகமது ஃபஹலும் உடனிருந்தவர்களும் 1997-ல் எழுதியபடி, பூஞ்சை வகையில் தடித்த சுவருள்ள குழிகளும் அவற்றுக்குள் கூர்மையாக மின்னும் புள்ளிகளும் தெரியும். அந்தப் புள்ளிகள்தான் மணிகள். பாக்டீரியா வகையில் மணிகள் நுண்ணியவை, புள்ளிகள் மங்கலாகக் குழியின் அடியில் படிந்து கிடக்கும். கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதும் தெரிவதால் அறுவைக்கு எல்லை வகுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் இந்த நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2016-ல்தான். மதுரை மருந்தகத்தின் குறிப்புக்கு 174 ஆண்டுகள் கழித்து.

நோய்க்கு முன்னால் வரும் முள்ளையே பிடிப்பதில் ஸ்கேனுக்கு இணையில்லை. பனைமட்டையின் கருக்கு, மூங்கில் சிலாம்பு, கருவேல முள் எதுவும் எக்ஸ்ரேயில் தெரியாது. எக்ஸ்ரே உலோகத்தையும் கண்ணாடியையும்தான் காட்டும். ஸ்கேனில் மரத்துண்டு பளிச்சென்ற கோடாகவும், அதற்குப் பின்னால் நிழலாகவும் தெரியும். சில நாள் ஆகியிருந்தால் அதைச் சுற்றிச் சீழும் வீக்கமும் சேர்ந்து கறுப்பு வளையம் கட்டியிருக்கும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேலிருந்தால் பயிற்சியுள்ளவர் கண்ணுக்குப் பெரும்பாலும் தப்பாது. தளைநார் போட்டுப் பனையேறி ஏறியே பாதத்தில் காய்ப்பு ஏறிய கிழவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. தடித்துக் காய்ந்த தோலுக்குள் ஒலி எளிதில் இறங்காது. காய்ப்பை ஊறவைத்துச் சீவி, நிறைய ஜெல் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்று எல்லையின் இரண்டு பக்கமும் பாதத்தைக் கெடுக்கும் முதல் நோய் சர்க்கரை. சென்னை ராயபுரத்தில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1954-ல் தொடங்கிய மருத்துவமனையில் வளர்ந்த பாதப் பராமரிப்பு முறைகளுக்கும், கரிகிரியின் செருப்புக்கும் உறவு நெருக்கமானது. உணர்விழந்த பாதம் இரண்டிலும் ஒன்றே. சர்க்கரையில் கூடுதலாகத் தமனியும் அடைபடுகிறது. கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு என்று கொள்வார்கள். அந்த அழுத்தத்தைக் கேட்க ஒரு சிறிய டாப்ளர் கருவி போதும். ஆனால் நாள்பட்ட சர்க்கரையில் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதால் எண் பொய்யாக உயர்ந்து காட்டும். அங்கே ஸ்கேன் திரையில் ரத்த ஓட்டத்தின் அலைவடிவத்தையே பார்க்க வேண்டும். உள்ளங்காலின் ஆழத்தில் சீழ் இருக்கிறதா என்பதையும் எக்ஸ்ரே எலும்பு மாற்றத்தைக் காட்டும் முன்பே ஸ்கேன் சொல்லிவிடும். குதிகால் வலியில் பாதத்தின் அடிச்சவ்வு நான்கு மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் நோய் உறுதி. இவை இப்போது வழக்கமான பரிசோதனைகள்.

ஆயினும் கால்நோயாளிக்கு இந்தியாவில் ஸ்கேன் கிடைப்பதில் ஒரு சட்டத் தடை உண்டு, அதற்குக் காரணம் கால் இல்லை. பெண் கருக்கொலையைத் தடுக்க 1994-ல் நிறைவேறி 1996-ல் நடைமுறைக்கு வந்து 2003-ல் இறுக்கப்பட்ட சட்டப்படி, கருவைப் பார்க்கக்கூடிய ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் குறிப்பிட்ட இடத்துக்கென்று பதிவு செய்யப்பட வேண்டும். 2012-ல் கையில் எடுத்துச் செல்லும் கருவிகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் கூடியது. சட்டத்தின் நோக்கத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் நரம்பையோ நிணநீர்க் குழாயையோ பார்க்கச் சிறிய கருவியோடு ஊருக்குள் போக நினைக்கும் தொழுநோய்ப் பணியாளருக்கும் அதே விதிதான். தமிழ்நாட்டுப் பக்கத்துக் களியக்காவிளையில் பதிவான கருவியைக் காரோட்டு முகாமுக்கு எளிதில் கொண்டுவர முடியாது. புழுவையும் நரம்பையும் தேடி ஊருக்குள் போக வேண்டிய கருவி ஆஸ்பத்திரி அறைக்குள்ளேயே நிற்கிறது. நோயாளிதான் அதைத் தேடி வர வேண்டியிருக்கிறது.

தொழுநோயைப் பொறுத்தவரை, 2005 டிசம்பரில் தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே நோய் குறைந்துவிட்டது என்று இந்தியா அறிவித்தது. அதன்பின் சிறப்புத் தொழுநோய் நிலையங்கள் சுருங்கின, நரம்பைத் தடவி அறியும் விரல்களும் குறைந்தன. புதிய நோயாளிகள் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் வந்துகொண்டிருக்கிறார்கள். நோயை உறுதிசெய்யும் அதிகாரபூர்வ அடையாளங்கள் இன்றும் மூன்றே: உணர்வற்ற தேமல், தடித்து உணர்விழந்த நரம்பு, தோல் கீறலில் கிருமி. ஸ்கேன் அதில் இல்லை. உள்ளங்காலில் உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பது பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை. அதை எந்தத் திரையும் காட்டாது. நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிகிறதா இல்லையா என்று வாயால்தான் சொல்ல வேண்டும்.